ரெண்டு விசில்

தம்பி, கண்ணைத் தேய்க்காதீங்க.

கோவிச்சுக்காதீங்க. பரமக்குடியில ஏறுனதுல இருந்து பாத்துக்கிட்டே வர்றேன். மொதல்ல விரல் நுனியால லேசாத் தொட்டீங்க. பார்த்திபனூர் தாண்டுனதும் விரலை முட்டியா மடக்கித் தேய்க்க ஆரம்பிச்சுட்டீங்க. அப்படித்தான் ஆரம்பிக்கும். சுகமா இருக்குல்ல? தேய்க்கத் தேய்க்க இன்னும் தேய்க்கச் சொல்லும். இந்தாங்க, என் பாட்டில்ல நல்ல தண்ணிதான். கைக்குட்டையை நனைச்சு மேல வைங்க. வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க.

இது பங்குனி மாசம் தம்பி. வெளிய பாருங்க, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலை மஞ்சளாப் பூத்து நிக்குது. அந்தப் பூத்தூள் சிலர் கண்ணுக்கு ஆகாது. அலர்ஜி. செத்தா போயிரப் போறோம்னு எல்லாரும் விட்டுர்றோம். விடக் கூடாது. தேய்ச்சுக்கிட்டே இருந்தா கருவிழி மெலிஞ்சுபோயி முன்னாடி கூம்பிரும். பந்து மாதிரி இருக்க வேண்டியது பம்பரம் மாதிரி ஆயிரும். அப்புறம் ஒரு நிலா மூணு நிலாவாத் தெரியும்.

டாக்டரா? நானா? நல்லாச் சொன்னீங்க போங்க. நான் கண்டக்டர். கண்டக்டரா இருந்தேன். பேரு சாத்தையா. முப்பது வருசம் தோல்பையும் விசிலுமாத் திரிஞ்ச ஆளு. மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குத்தான் போறேன், ஆனா எனக்கு இல்ல. எனக்கு அம்பத்தெட்டு வயசாகுது, இன்னும் கண்ணாடி போடல. ஊசியில நூல் கோப்பேன்.

பூமிநாதனைப் பாக்கப் போறேன். என் டிரைவர்.

ஸ்ரீமுத்துமாரின்னு ஒரு தனியார் வண்டி. பரமக்குடியில எடுத்து முதுகுளத்தூர், கடலாடி வழியா சாயல்குடி. போக வர மூணு நடை. அந்த வண்டியில பத்து வருசம் அவன் ஸ்டியரிங் பிடிச்சான், நான் விசில் பிடிச்சேன். பொண்டாட்டிகூட இருந்த நேரத்தை விட அவன்கூட இருந்த நேரம்தான் எனக்கு ஜாஸ்தி. அவனுக்கு என்னை விட இருபது வயசு குறைச்சல். வாய் நிறைய 'அண்ணே'ம்பான். கையில வண்டி அவ்வளவு பதமா ஓடும். மடியில பாயசத்தை வச்சுக்கிட்டு வந்தாலும் சிந்தாது.

சின்ன வயசுல இருந்தே அவனுக்குக் கண்ணு அரிப்பு. அவங்க அப்பாவுக்குக் கரிமூட்டம் போடுற தொழில். கருவேலையை வெட்டி, அடுக்கி, மண்ணைப் பூசி மூட்டம் போட்டு, அந்தப் புகையிலயும் பூவுலயும் வளந்த பய. மாசி பொறந்துட்டா போதும், கண்ணு ரெண்டும் செக்கச்செவேல்னு ஆயிரும். நூல் நூலாப் பீளை வரும், இழுத்தா இழுத்துக்கிட்டே வரும். வெயில்ல கண்ணைத் திறக்க முடியாது. ரெண்டு கையையும் முட்டியா மடக்கி அவன் தேய்க்கிறப்ப ஒரு சத்தம் வரும் தம்பி. ஈரச் சத்தம். சேத்துல செருப்பு மாட்டிக்கிட்டா இழுப்போம்ல, அந்தச் சத்தம். முன்சீட்டுக்காரங்க திரும்பிப் பாப்பாங்க.

"டேய், கண்ணு கழண்டு கையோட வந்துரப்போகுதுடா"ம்பேன்.

"வந்தா உன் தோல்பையில போட்டு வைண்ணே"ம்பான். சிரிப்போம்.

சிரிச்சுக்கிட்டேதான் இருந்தோம். ஒரு நாள் கடலாடிக்கு இங்கிட்டு ஆளே இல்லாத காட்டுல வண்டியை ஓரங்கட்டி நிறுத்திட்டான். என்னடான்னா, "ஏறச் சொல்லுண்ணே, பாவம் ரொம்ப நேரமா நிக்கிறாரு"ங்கிறான். எட்டிப் பாத்தா வெட்டிப்போட்ட கருவேலைக் கட்டை. அது மேல எவனோ காயப்போட்ட துண்டு. வண்டியே குலுங்கிச் சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். அவன் மட்டும் சிரிக்கல. அன்னைக்குச் சாயல்குடியில டீ குடிக்கிறப்பச் சொன்னான், "அண்ணே, எனக்கு எதிர் வண்டி ஒண்ணு ரெண்டாத் தெரியுது. நடுக்கோடு தண்ணிக்குள்ள கிடக்குற மாதிரி நெளியுது. இடது கண்ணு சுத்தமா மங்கல்."

நான் என்ன செய்யணும் தம்பி? நீங்களே சொல்லுங்க. ரெண்டு பொட்டப்புள்ளை அவனுக்கு, அப்பத்தான் பெரியவளைப் பள்ளிக்கூடத்துல சேத்திருந்தான். டிரைவருக்குக் கண்ணு போச்சுன்னா என்ன மிச்சம்? ஊருக்குத் தெரிஞ்சா முதலாளி மறுநாளே வேற ஆளைப் போட்டுருவாரு. பூமி போயிட்டா அந்த வண்டியில எனக்கும் சீட்டுக் கிழிஞ்சிரும், அது வேற விசயம், அதை நான் நெனைக்கவே இல்ல. அவனுக்காகத்தான் சொன்னேன். "டேய், பயப்படாத. உன் கண்ணு என் வாயில இருக்கு"ன்னேன்.

அப்படித்தான் ஆரம்பிச்சது.

ஒரு விசில்னா நிறுத்து, ரெண்டு விசில்னா போ. இது ஊரறிஞ்சது. நாங்க அதுக்கு மேல நாலஞ்சு வச்சுக்கிட்டோம். நீட்டி ஒண்ணு ஊதுனா இடதுபக்கம் ஆளோ மாடோ வருதுன்னு அர்த்தம். குட்டியா ஒண்ணு தட்டுனா ஸ்டாப்புல ஆளு நிக்குது. பட்டுப்பட்டுன்னு மூணு வந்தா பிரேக்கைப் போட்டு மிதி. நான் முன்படிக்குப் பக்கத்துலயே நிப்பேன். டிக்கெட்டைக் கிழிச்சுக்கிட்டே ரோட்டைப் பாப்பேன். அவன் கண்ணாடியைப் பாக்குற மாதிரி நடிப்பான், காது மட்டும் என்கிட்ட இருக்கும். மூணு வருசம் தம்பி. ஒரு கீறல் கிடையாது. எத்தனை வண்டியில கண்ணு தெரிஞ்ச டிரைவரு போயி மரத்துல விடுறான்! எங்க வண்டியில ஒரு கோழிக்குஞ்சு சாகல. எனக்கு அதுல ஒரு பெருமைதான், ஏன் பொய் சொல்லணும்.

நடுவுல லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்துச்சு. கண்ணு சோதிச்சுச் சர்டிபிகேட் வாங்கணும். நான் முந்தின நாளே தலைவலின்னு சொல்லி அந்த இடத்துக்குப் போயி, சுவத்துல தொங்குன அட்டையை மேல இருந்து கீழ வரைக்கும் டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதிக்கிட்டு வந்துட்டேன். ராமநாதபுரம் போற வழி பூராவும் அவனுக்கு மனப்பாடம் பண்ண வச்சேன். கடைசி வரி ப, ட, ச, ந, ழ. எனக்கு இன்னும் மறக்கல. எந்தக் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாலும் கடகடன்னு ஒப்பிச்சான். வெளிய வந்து என் காலைத் தொட்டுக் கும்புட்டான். "நீ இல்லைன்னா நான் இல்லண்ணே"ன்னான்.

அரிப்புக்கு மருந்தும் நான்தான் வாங்கிக் குடுப்பேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல மருந்துக்கடை, கடைக்காரன் நமக்குத் தெரிஞ்சவன். டாக்டர் சீட்டெல்லாம் கேக்க மாட்டான். அந்தச் சொட்டை விட்டா அரை மணி நேரத்துல சிவப்பு இறங்கிரும். மந்திரம் மாதிரி. அதை அப்படித் தொடர்ந்து விடக் கூடாது, கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறிரும்னு பின்னாடி ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா சத்தம் போட்டாங்க. எனக்கு என்ன தெரியும்? டப்பியில கண்ணு படம்தானே போட்டிருந்துச்சு.

ஒரு தடவை கிளம்பிட்டான். மதுரைக்கு. அவன் பொண்டாட்டி நாகஜோதி மஞ்சப்பையில துணி எடுத்து வச்சு, பிள்ளைகளை அக்கா வீட்டுல விட்டுட்டு, ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாங்க. நான்தான் பாத்தேன். தனியாக் கூட்டிட்டுப் போயிச் சொன்னேன், "பூமி, அங்க போனா மொதல்ல கண்ணுல மருந்து ஊத்துவாங்க. அப்புறம் வண்டியே தொடக் கூடாதுன்னு சீட்டு எழுதுவாங்க. யோசிச்சுக்க." யோசிச்சான். பையை எடுத்துக்கிட்டுத் திரும்பிட்டான். அந்தப் பொண்ணு என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டு, "நல்லா இருப்பீங்கண்ணே, அவரை விட்டுருங்க"ன்னுச்சு. பொம்பளைப் பிள்ளைக்கு நம்ம தொழில் என்ன தெரியும், பயம். நான் மனசுல வச்சுக்கல.

அன்னைக்கே போயிருந்தா நிறுத்தியிருக்கலாமாம். ஏதோ சொட்டை விட்டு, ஒரு வெளிச்சத்தைக் காட்டி, கருவிழியைக் கெட்டிப்படுத்திருவாங்களாம். அதுக்கு மேல கூம்பாதாம். இதெல்லாம் பின்னாடி தெரிஞ்சது. கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

தம்பி, கை போகுது பாருங்க கண்ணுக்கு. கைக்குட்டைய வைங்க. ஆங், அப்படி.

முத்துராக்குன்னு ஒரு பொம்பளை. கருவாடு விக்கிறவ. அம்பது வயசு இருக்கும், குட்டையான உருவம், அரை ஆளு உசரம்தான். வாய் மட்டும் ஆறு ஆளுக்கு. சாயல்குடியில கூடையோட ஏறுவா, பொன்னங்குளம் விலக்குல இறங்குவா. செவ்வாய், வெள்ளி தவறாது. அவ ஏறுனா வண்டி பூராவும் கருவாட்டு வாடை. எனக்கும் அவளுக்கும் தினம் மல்லுக்கட்டுதான். "ஏய், கூடையைப் படியில வை"ம்பேன். "ஏன், உன் மடியில வைக்கவா"ம்பா. வண்டியே சிரிக்கும்.

பூமி மேல அவளுக்குப் பாசம். அவன் கண்ணு சிவந்து கிடக்குறதைப் பாத்துட்டு, நந்தியாவட்டைப் பூவைத் தேக்கிலையில மடிச்சுக் கொண்டுவருவா. குளுகுளுன்னு இருக்கும், கண்ணுல ஒத்தணும்னு பழைய ஆளுங்க சொல்றதுதான். இறங்குறப்ப என் கையில குடுப்பா, நான் பானெட்டுக்கு மேல வைப்பேன். "டிரைவரு தம்பி, தேய்க்காதய்யா, இதை ஒத்திக்க"ன்னு கீழ நின்னு கத்திட்டுத்தான் போவா. பாத்தீங்களா, படிக்காத பொம்பளை, தேய்க்காதன்னு அன்னைக்கே சொல்லியிருக்கா. நாங்க யாரு கேட்டோம்.

அது மூணு வருசத்துக்கு முந்தி, இதே பங்குனி. செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை. நல்ல கூட்டம். எங்களுக்குப் பின்னாடியே இன்னொரு கம்பெனி வண்டி டைம் தவறி ஒட்டிக்கிட்டு வந்தான். அவன் முந்துனா முதுகுளத்தூர் ஆளு பூராவும் அவனுக்குப் போயிரும். நானும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வர்றேன். இதுக்கு நடுவுல முத்துராக்கு கூடையில இருந்து தண்ணி வடிஞ்சு ஒரு வேட்டிக்காரரு மேல பட்டுருச்சு. அவரு என்னைப் பிடிச்சு ஏசுறாரு. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "இனிமே இந்த வண்டியில கால வைக்காத, நாத்தம் பிடிச்சவளே"ன்னுட்டேன். வாய் தவறித்தான் வந்துச்சு.

பொன்னங்குளம் விலக்கு வந்துச்சு. ஒரு விசில் கொடுத்தேன். நிறுத்துனான். கூடையை இறக்குனா. வழக்கம் போல இலைப் பொட்டணத்தை நீட்டுனா. நான் வாங்கல தம்பி. "உன் கருவாட்டுக் கையால ஒண்ணும் வேண்டாம், போ"ன்னேன்.

அவ என்னை ஒரு பார்வை பாத்தா. "நீ என்னய்யா குடுக்குறது, நானே குடுத்துக்கிறேன்"ன்னா.

அப்புறம் நடந்துருச்சு.

எல்லாம் ஒரு நிமிசம். வண்டி ஒரு அடி நகர்ந்துச்சு, ஒரு சத்தம். பெருசா ஒண்ணும் இல்ல, கூடை நசுங்குற மாதிரிச் சத்தம். கீழ நின்ன ஒரு ஆளு "ஐயோ"ன்னு தலையில கை வச்சாரு. பூமி பிரேக்கைப் போட்டுட்டு என்னைப் பாக்குறான். "என்னண்ணே? என்னண்ணே?"ங்கிறான். அவன் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. எனக்குத்தான் எல்லாம் தெரிஞ்சது. முன்சக்கரத்துக்கு இந்தப் பக்கம் கூடை. அந்தப் பக்கம் அவ. ரோடு பூராவும் வெள்ளை வெள்ளையாப் பூ.

ஆள் கூடுறதுக்கு முன்னாடி நான் அந்தப் பூவை ஒண்ணொண்ணாப் பொறுக்கித் தோல்பையில போட்டேன். பூமி அதைப் பாத்தா தாங்க மாட்டான்னுதான். வேற எதுக்கு? அவனுக்காகத்தான். இன்னைக்கு வரைக்கும் அவனுக்கு அந்தப் பூ விசயம் தெரியாது. அவ ஏன் வண்டிக்கு முன்னாடி வந்தான்னு அவனுக்குத் தெரியாது. ரோட்டைத் தாண்டுனான்னு நெனச்சுக்கிட்டு இருக்கான்.

ஸ்டேஷன்ல கேட்டாங்க. "கண்டக்டர், நீ ரைட் குடுத்தியா?" முதலாளி வந்து என் காதுல சொல்லியிருந்தாரு, "சாத்தையா, அவனுக்குத்தான் கண்ணே இல்லன்னு தெரிஞ்சு போச்சே. ஒரு ஆளோட போகட்டும், ரெண்டு பேரும் ஏன் மாட்டணும்?" நியாயமாத்தானே பட்டுச்சு. வண்டியில இருந்தவங்களைக் கேட்டா, பாதிப் பேரு விசில் கேட்டுச்சுங்கிறாங்க, பாதிப் பேரு கேக்கலைங்கிறாங்க. நான் சொன்னேன், "சார், நான் ஒரு விசில்தான் குடுத்தேன், நிறுத்துறதுக்கு. பின்னாடி நின்ன வண்டிக் கண்டக்டர் ரெண்டு அடிச்சிருப்பான். அதைக் கேட்டுட்டு இவன் எடுத்திருப்பான்."

பூமி அங்கதான் நின்னான், எனக்குப் பக்கத்துல. என் பக்கம் திரும்பிப் பாத்தான். அந்தக் கண்ணுக்கு என் மூஞ்சி தெரிஞ்சிருக்காது. ஏதோ ஒரு உருவம் நிக்கிற மாதிரிதான் தெரிஞ்சிருக்கும். "அப்படியாண்ணே?"ன்னான். அவ்வளவுதான். "ஆமாடா"ன்னேன்.

ஆறு மாசம் உள்ள இருந்தான். லைசென்ஸ் போச்சு. ஜெயிலுக்கு நான் மாசாமாசம் போனேன், கேட்டுப் பாருங்க, ஒரு மாசம் தவறல. பிஸ்கட், பழம், சொட்டு மருந்து எல்லாம் கொண்டுபோவேன். போன ஒவ்வொரு தடவையும் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பான். "அண்ணே, அன்னைக்கு எத்தனை விசில்?"

"ஒண்ணுடா."

"எனக்கு ரெண்டு கேட்டுச்சேண்ணே."

"அது பின்னாடி வண்டிடா."

"பத்து வருசம்ணே. உன் விசில் எனக்குத் தெரியாதா?"

"பதட்டத்துல உனக்குக் கேட்டிருக்கும்டா."

வெளிய வந்ததும் அவன் மொதல்ல எங்க போனான் தெரியுமா? கண்ணாஸ்பத்திரிக்கு இல்ல. காது டாக்டர்கிட்ட. காதுல மாட்டி, சத்தம் குடுத்து, சோதிச்சுப் பாத்துட்டுக் காது நல்லா இருக்குன்னுட்டாங்க. வந்து என்கிட்டச் சொல்றான், "கண்ணு போனாலும் காது இருக்குன்னு நெனச்சேண்ணே. காதும் நல்லாத்தான் இருக்காம். அப்ப என் புத்திதான் கெட்டுப்போச்சு போல." அதுக்கப்புறம் எவன் எது சொன்னாலும் ரெண்டு தடவை கேப்பான். மக 'அப்பா'ன்னு கூப்பிட்டா, "கூப்பிட்டியா, கூப்பிடலையா?"ன்னு கேப்பான். அந்தப் பிள்ளை அழுதுரும்.

எனக்கு அழுகை வரல. எனக்கு வேற ஒண்ணு வரும். நீங்க நம்ப மாட்டீங்க. இப்பக்கூட, இந்த வண்டி ஒவ்வொரு ஸ்டாப்புல நிக்கிறப்பவும் படியில கருவாட்டு வாடை வருது. உங்களுக்கு வரலையா? வராது. அவ ஏறிக்கிறா. குட்டையா, கூடையைப் படியில வச்சுக்கிட்டு, பொட்டணத்தை நீட்டிக்கிட்டு நிக்கிறா. திட்டுனாக்கூடப் பரவாயில்ல. நீட்டிக்கிட்டே நிக்கிறா. வேலையை விட்டுட்டேன். அரிசி மில்லுல வாட்ச்மேன் வேலை குடுத்தாங்க, கையில ஒரு விசிலையும் குடுத்தாங்க. வேண்டாம்னு ஓடி வந்துட்டேன். இது என் பழைய விசில். எப்பவும் சட்டைப் பையிலதான் கிடக்கும். உள்ள இருந்த குண்டை நோண்டி எடுத்துட்டேன், இனி ஊதுனாலும் காத்துதான் வரும். இருந்தாலும் கேக்குது தம்பி. குளிக்கிறப்பக் கேக்குது. சாப்பிட உக்காந்தா கேக்குது. எப்பவும் ரெண்டு.

என்ன தம்பி கேட்டீங்க?

எத்தனை விசில்னு நீங்களும் அதையே கேக்குறீங்களே.

அவ 'நானே குடுத்துக்கிறேன்'னு சொல்லிட்டு முன்னாடி நடந்தா. டிரைவர் ஜன்னலு வலதுபக்கம்ல, சுத்தித்தான் போகணும். அவ நடந்ததை நான் பாத்தேன். பாத்தேனான்னா... அவ முந்தானை முன்பக்கம் திரும்புறது தெரிஞ்சது. சும்மா வீம்புக்குப் போறா, திரும்பிருவான்னு நெனச்சேன். பின்னாடி வண்டிக்காரன் ஹாரனை அமுக்கிக்கிட்டே இருந்தான். வேட்டிக்காரரு இன்னும் ஏசிக்கிட்டு இருந்தாரு. எனக்கு அவ மேல அவ்வளவு கோவம். நான் பின்பக்கம் திரும்பிக்கிட்டேன். திரும்பிக்கிட்டே அடிச்சேன்.

ரெண்டு.

மூணு வருசத்துல இதை வாய் விட்டுச் சொன்னது உங்ககிட்டத்தான். முன்ன பின்ன தெரியாத ஆளுகிட்டச் சொல்றது லேசா இருக்கு. நீங்க மாட்டுத்தாவணியில இறங்கி உங்க வழியில போயிருவீங்க.

பூமிக்கு இடது கண்ணுல போன வருசம் ஆபரேசன் ஆச்சு. யாரோ புண்ணியவான் செத்த பிறகு குடுத்த கருவிழி. இவனோடதை வட்டமா வெட்டி எடுத்துட்டு அதை வச்சு, முடியை விட மெல்லிசான நூலால சுத்தித் தச்சாங்க. பதினாறு தையல். அது ஒட்டி நிலைக்கணும்னா தேய்க்கவே கூடாது, அரிப்புக்கு ஒழுங்கா மருந்து விடணும். தூக்கத்துல தேய்ச்சிருவோம்னு பயந்து ரெண்டு கைக்கும் பிள்ளைகளோட ஸ்கூல் சாக்ஸை மாட்டிக்கிட்டுத் தூங்குறானாம். ஒவ்வொரு தையலாப் பிரிச்சு, இப்ப எல்லாம் முடிஞ்சது. இன்னைக்குக் கண்ணாடி குடுக்குறாங்க. போட்டா நல்லாத் தெரியுமாம். மூஞ்சி தெரியுமாம்.

நான் வேண்டாத சாமி இல்ல தம்பி. அவனுக்குக் கண்ணு வரணும்னு முடி இறக்கியிருக்கேன். கரும்புள்ளிப் பொட்டு வச்ச வெள்ளிக் கண்மலர் வாங்கிச் சாத்தியிருக்கேன். சத்தியமா வேண்டுனேன்.

நேத்துப் போன் பண்ணுனான். குரல்ல என்ன சந்தோசம்ங்கிறீங்க. "அண்ணே, நாளைக்குக் கண்ணாடி. நீ கட்டாயம் வரணும். மொத மொத உன் மூஞ்சியத்தான் பாக்கணும்னு ஜோதிகிட்டச் சொல்லிட்டேன். அவ கோவிச்சுக்கிட்டா"ன்னான். நானும் சிரிச்சேன். அப்புறம் அவனே ஆரம்பிச்சான். "உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஒண்ணு கேக்கணும்ணே. போன்ல கேட்டா தெரிய மாட்டேங்குது. பாத்தாத் தெரிஞ்சிரும். நீ இல்லைன்னு சொன்னா அப்புறம் கேக்கவே மாட்டேன்ணே, சாகுற வரைக்கும்"ன்னான்.

வர்றேன்டான்னு சொல்லியிருக்கேன்.

போகாம இருப்பேனா? அதான் பழமெல்லாம் வாங்கி வச்சிருக்கேன், பாருங்க. பச்சைநாடான், அவனுக்குப் பிடிக்கும். போயி, உக்காந்து, மூஞ்சியைப் பாத்து... என் மூஞ்சி எப்படி இருக்கு தம்பி? சும்மா சொல்லுங்க. பாத்தா ஏதாவது தெரியுதா?

என்ன, விரகனூர் ரவுண்டானா வந்துருச்சா? பேச்சு சுவாரசியத்துல தெரியவே இல்ல.

இந்தக் கண்டக்டர் பயலைப் பாருங்க, போனை நோண்டிக்கிட்டு இருக்கான். படியைப் பாருடா மொதல்ல.

அந்தா, ஆஸ்பத்திரி ஸ்டாப். ஒரு விசில் அடிச்சுட்டான். "கண்ணாஸ்பத்திரி எல்லாம் இறங்கு, இறங்கு." எத்தனை பேரு இறங்குறாங்க பாருங்க. பச்சைத்துணி கட்டுன ஆளு, பிள்ளையைத் தூக்குன ஆளு. கேட்டுக்குப் பக்கத்துல வேப்பமரம் தெரியுதுல்ல, அங்கதான் நிக்கிறேன்னு சொன்னான். நீலச் சட்டை. அந்தா நிக்கிறான். பக்கத்துல அந்தப் பொண்ணு நாகஜோதி. கண்ணாடி போட்டுருக்கான் தம்பி. ஏ அப்பா, கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொரு ஆளு மூஞ்சியா நிமிந்து நிமிந்து பாக்குறான்.

இறங்கணும். இறங்குறேன். கால் மரத்துப்போச்சு, கொஞ்சம் இருங்க. கூட்டம் இறங்கட்டும். படியில யாரோ கூடையை வச்சிருக்காங்க, அதை எடுக்கட்டும்.

கூடை இல்லையா?

ரெண்டு அடிச்சுட்டான். பாத்தீங்களா, நான் எந்திரிச்சேனா இல்லையான்னு திரும்பிக்கூடப் பாக்கல, அடிச்சுட்டான் பாருங்க. என்ன கண்டக்டர் இவன்! சரி, போகட்டும். மாட்டுத்தாவணியில இறங்கித் திரும்பி வந்துக்கிறேன். போன மாசம் தையல் பிரிக்கிறப்பவும் இப்படித்தான் ஆச்சு.

போன் அடிக்குது. அவன்தான். வண்டி போறதைப் பாத்திருப்பான். இப்பத்தான் கண்ணு தெரியுதே. தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இதைக் கொஞ்சம் எடுத்துப் பேசுங்க. சாத்தையான்னு ஒரு ஆளு பார்த்திபனூர்லயே இறங்கிட்டாரு, போனை மறந்து சீட்டுல விட்டுட்டாருன்னு சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தைதான். இந்தாங்க. பிடிங்க.

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க?

பாக்காதீங்க. அந்தப் பக்கம் திரும்புங்க. கைக்குட்டைய எடுங்க, அரிக்குதுன்னீங்கள்ல? அப்படிப் பாக்காதீங்க தம்பி, கண்ணைத் தேய்ங்க. நல்லாத் தேய்ங்க.